ஊரெல்லாம் ஒரே குழி

சொல்லுதது அம்புட்டும் நெசம். ஒரு சொல்லு பொய்யின்னாலும் நான் அடுத்து குடிக்கப்போற டீயில ஈ விழட்டும், விழுந்த ஈ என் பேரச் சொல்லி ஒப்பாரி வச்சிட்டுச் சாவட்டும். வீடியோ இருக்கான்னு கேப்பீய. கேப்பீய, தெரியும், இப்பல்லாம் பெத்த தாயி போயிட்டான்னு சொன்னாலே ‘கிளிப்பு இருந்தா அனுப்பு மக்கா’ன்னு கேக்குத காலம்லா இது. வீடியோ கெடையாது. ஊரே கையில போன வச்சிக்கிட்டு நின்னும் இதுக்கு ஒரு போட்டோ கெடையாது. ஏன் கெடையாதுங்கதுதான் கதையே. எந்திரிச்சிப் போறவன் இப்பவே போலாம், போற வழியில கீழ பாத்துப் போ.

முள்ளிக்கரையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு தெரு. குடிதண்ணிக் குழாய் போடுதோம்னு வந்து, ரோட்ட ஒடச்சி, இடுப்பளவுக்குத் தோண்டி, ஆரஞ்சுக் கலர் குழாய் ஒண்ணக் குறுக்கப் போட்டு, ‘மிச்சத்த நாளைக்கு வந்து பாக்கோம்’னு போனாவ காண்ட்ராக்டர் ஆளுவ. அந்த நாளை இன்னும் விடியல. பெய்யித மழையெல்லாம் அதுக்குள்ள, ஊருக் கொசுவெல்லாம் அதுக்கு மேல, குழி குழியாத்தான் கெடந்துது.

குழிக்கு நேரெதிர்த்தாப்புல புங்கமரத்தடியில சொர்ணக்கிளியோட இஸ்திரி வண்டி. கிளின்னு பேரு வச்சவன் வாயப் பாத்துத்தான் வச்சிருக்கணும், கரிப்பெட்டியில இருக்க கங்கு மாதிரி வார்த்தைக்கு வார்த்தை பொறி பறக்கும். துணி தேய்க்கது ஒரு வேலைன்னா, ‘ஏ பாத்து, குழி! ஏல சைக்கிளு, கண்ண எங்க அடகு வச்சிருக்க?’ன்னு கத்துதது அவளுக்கு இன்னொரு வேலை. மொதல் வேலைக்காவது ஊரு கூலி குடுத்துது. வேப்பங்கொம்ப ஒடிச்சி, அதுல செவப்புத் துணியக் கெட்டி குழி ஓரம் நட்டுவச்சா, அன்னைக்கு சாயந்தரமே எவனாவது பைக்க நிப்பாட்ட எடம் வேணும்னு கொம்பப் புடுங்கி ஓரமாப் போடுவான். மறுபடியும் நடுவா, மறுபடியும் புடுங்குவான்.

முள்ளிக்கரை நகராட்சி சேர்மன் தெய்வநாயகத்துக்குச் சட்டை தேய்க்கதும் அவதான். கத்தி மாதிரி மடிப்பு எடுத்து, வாழையிலையில பலகாரம் கொண்டுபோற மாதிரி ரெண்டு கையிலயும் ஏந்திட்டுப் போவா. குடுக்கும்போதெல்லாம், “ஐயா, அந்தக் குழி...”ன்னு இழுப்பா. அவரு காலரத்தான் பாப்பாரு. “பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம்.” காலரப் பாத்தாரு, கையப் பாத்தாரு, குழிய மட்டும் பாக்கல.

அவ புருசன் ராசமணி வாழமண்டியில தாரு தூக்குத ஆளு. ஒருநாள் காலையில வேலைக்குக் கெளம்பும்போது நீல ரப்பர் செருப்புல இடது கால் வாரு பிஞ்சிட்டு. சொர்ணக்கிளி தாலிக்கயித்துல தொங்கின ஊக்கக் கழத்தி அதுல குத்தி, “இன்னைக்கு ஒருநா இதோட ஓட்டும்”னா. “நீ குத்தினா ஆயுசுக்கும் ஓடும்ட்டி”ன்னு சொல்லிட்டுப் போனான். சாயந்தரம் கொட்டு கொட்டுன்னு மழை. தெருவும் குழியும் ஒரே வெள்ளம், எது தெரு எது குழின்னு தெய்வத்துக்கே தெரியாது. அவ வண்டியத் தார்ப்பாயால மூடிட்டு அந்தப்பக்கம் திரும்பின நேரம், இவன் பஸ்ஸ விட்டு எறங்கி, எதிர்த்தாப்புல பொண்டாட்டியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே ரோட்டக் கடந்தான். சிரிச்சிக்கிட்டே வந்தான்னு பாத்தவன் சொன்னது. தலை அந்தக் குழாயில அடிச்சிது. இடுப்பளவு தண்ணியில ஒரு மனுசன் முடிஞ்சி போனான். தூக்கும்போது வலது கால்ல மட்டும் செருப்பு. இடது கால் செருப்ப எம்புட்டுத் துழாவியும் சிக்கல. ஒத்தச் செருப்போட கொண்டுபோனாவ.

நகராட்சி ஆபீசுல என்ன சொன்னாவ தெரியுமா? “தண்ணி போட்டுட்டு விழுந்திருப்பான்.” டீயில சீனி கூடினாலே மயக்கம் வருதுன்னு சொல்லுதவன் அவன்.

காரியம் முடிஞ்ச மறுநாள், டென்சிங்குன்னு ஒரு பய, கல்யாண வீடியோ எடுக்கவன், ‘முள்ளிக்கரை மைக்’னு சொந்தமா ஒரு சானல் வச்சிருக்கவன், மைக்கத் தூக்கிட்டு வந்தான். “யக்கா, மனசுல இருக்கதச் சொல்லுங்க, ஒலகம் பூராக் கேக்கும்”னான். சொர்ணக்கிளி நம்பினா. நெஞ்சுல கெடந்ததெல்லாம் எடுத்துச் சொன்னா, செவப்புத் துணி, பைக்கு, சேர்மன் சட்டை, தாலி ஊக்கு வரைக்கும் சொன்னா. அழுது அழுது சொன்னதுல விக்கல் எடுத்துட்டு. “குழிய மூடுங்கல... ஹிக்... மூடுங்கல... ஹிக்... இல்லன்னா என்னையும் உள்ள... ஹிக்... போட்டு மூடுங்கல!”

டென்சிங்கு வீட்டுக்குப் போனான். செவப்புத் துணிய வெட்டினான். பைக்க வெட்டினான். சேர்மன் சட்டைய ரொம்பக் கவனமா வெட்டினான். ராசமணிய முழுசா வெட்டினான். வெட்டினது போக மிச்சம் இருந்தது ‘மூடுங்கல ஹிக்’ மட்டுந்தான். அதுக்குக் கீழ தவுல் அடிய சேத்து, ஒவ்வொரு விக்கலுக்கும் அவ தலை குலுங்குத மாதிரி செஞ்சி விட்டான்.

பத்திக்கிட்டு. வைக்கப்போருல வச்ச தீ கூட காத்துக்குக் காத்திருக்கும், இது காத்திருக்கல. கணக்குப் பரீச்சை கஷ்டம்னா மூடுங்கல ஹிக், கிரிக்கெட்டுல அவுட்டுன்னா மூடுங்கல ஹிக், மாமியா வீட்டுக்கு வந்தா, கரண்டு போனா, காதலி போனா, எல்லாத்துக்கும் ஹிக். கைக்கொழந்தைக்குச் சோறு ஊட்டுதவ அதக் காட்டி ஊட்டுதா. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைத் தோழன் சொர்ணக்கிளி மாதிரி முந்தானையப் போட்டுக்கிட்டு ஆடுதான். எழவு வீட்டுக்கு வெளிய நாற்காலியில இருந்தவங்க கூட வாயப் பொத்திக்கிட்டு அதத்தான் பாத்துக் குலுங்குதாவ.

மறுநாள் காலையில டென்சிங்கு பல்லு வெளக்கிட்டே வாசப்படிய விட்டு எறங்கினான். எறங்கினவன் எறங்கிக்கிட்டே இருந்தான், இடுப்பு வரைக்கும்.

அவன் வீட்டு வாசல்ல குழி. அதே அளவு, அதே ஒடஞ்ச தாரு விளிம்பு, குறுக்க அதே ஆரஞ்சுக் குழாய், அதே நாத்தம். துணி எடுக்க வந்த சொர்ணக்கிளி பாத்தா.

“யக்கா, கையக் குடுக்கா!”

“எந்தக் கைய? நீ வெட்டிப் போட்டது போக எங்கிட்ட விக்கல் மட்டுந்தானல மிச்சம் இருக்கு?”

சொன்னாளே ஒழிய கையக் குடுத்தா. குடுக்கக் குனிஞ்சவ கண்ணுல அது பட்டுது. தண்ணிக்கு மேல ஒரு நீலச் செருப்பு மெதந்துது. இடது கால். வாருல அவ ஊக்கு. டென்சிங்க அப்பிடியே விட்டுட்டு செருப்பப் புடிக்கப் பாஞ்சா, விரலுக்குள்ள தண்ணிதான் வந்துது. படத்துல இருக்க சோத்த அள்ளித் திங்க முடியுமா? அந்த மாதிரி, பாக்க இருக்கு, கைக்கு இல்ல.

அப்புறம் வரிசையா வந்துது. யாரு யாரு அந்த விக்கலச் சிரிச்சி அடுத்தவனுக்கு அனுப்பினானோ அவன் அவன் வாசல்ல காலையில ஒரு குழி. எமிலி டீச்சரு பள்ளிக்கூட குரூப்புல கண்ணுல தண்ணி வர சிரிக்கிற பொம்மையோட போட்டிருந்தாவ, அவிய வீட்டுல மல்லிகைப் பந்தலுக்குக் கீழ குழி. டீக்கடை காசிப்பாண்டிக்குப் பாய்லர் முன்னால குழி. மெட்ராசுல அடுக்குமாடி மேல குடியிருக்க முள்ளிக்கரைப் பொண்ணுக்கு லிப்டுக்கு வெளிய குழி, கீழ் வீட்டுக்காரன் தலைக்கு மேல மோட்டப் பாத்தா ஒரு கீறல் கூட இல்ல, மாடி ஏறிப் பாத்தா இடுப்பளவு தண்ணி. துபாயில கட்டில் கட்டிலா அடுக்கிப் படுத்துக் கெடக்க நம்ம ஊருப் பயலுக்குக் கட்டிலுக்குப் பக்கத்துல குழி. எல்லாத்துலயும் ஒரு நீலச் செருப்பு, எல்லாச் செருப்புலயும் ஒரு ஊக்கு.

மொத நாளு ஊரு பயந்துது. ரெண்டாம் நாளு தாண்டப் பழகிட்டு. அதுக்கப்புறம் குழியச் சுத்திக் கோலம் போட ஆரம்பிச்சிட்டாவ பொம்பளைங்க. காசிப்பாண்டி டீயோட சேத்து தகர மூடி விக்கான், ரோசு, பச்சை, கட்சிக் கலரு எல்லாம் உண்டு. சிலபேரு கெண்டைக் குஞ்சு விட்டாவ. பொண்ணு பாக்க வந்தவன் வாசல்ல குழி இல்லன்னு திரும்பிப் போனான், “நெட்டு கூட இல்லாத வீடு போல, நமக்கு ஒத்து வராது”ன்னு. குழி இல்லாத வீட்டுக்காரன் வெக்கப்பட்டு, கடப்பாறையால ராத்திரியோட ராத்திரியா தோண்டி, ‘எங்களுக்கும் வந்துட்டு’ன்னு பக்கத்து வீட்டுல சொன்னான். செருப்பு எங்கன்னு கேட்டாவ. கதவச் சாத்திக்கிட்டான்.

சொர்ணக்கிளிக்கு இதுல ஒரு நெனப்பு ஓடிச்சி. எல்லாவனும் விழுந்து எந்திரிச்சிட்டானே, இனிமே மூடிருவான்லா. துணி எடுக்கப் போற வீடெல்லாம் சொன்னா. எமிலி டீச்சரு முந்திக்கிட்டாவ.

“சொர்ணக்கிளி, உன் குழி எங்க வாசல்ல கெடக்கு. மொதல்ல வந்து எடுத்துட்டுப் போ.”

“எடுத்துட்டுப் போறதுக்கு அது என்ன தூக்குச்சட்டியா டீச்சரம்மா? நான் குடுத்தனா? நீங்கல்லா சிரிச்சி வாங்கினீய.”

“சும்மா ஒரு தமாசுக்குப் போட்டதும்மா.”

“தமாசுதான். அந்தத் தமாசுல மெதக்குது பாருங்க, அது எங்க வீட்டுக்காரரு செருப்பு.”

டீச்சரு குழியப் பாத்தாவ. அதுவரைக்கும் அதத் தாண்டியிருந்தாவளே ஒழிய பாத்திருக்கல. ஆனா பாத்த கண்ணு உடனே போனுக்குப் போயிட்டு.

ஊருல அவனவன் வாசல் குழிய மூடாமலும் இல்ல, மூடிப் பாத்தாவ. சரள அடிச்சாவ, செங்கல்லு போட்டாவ, ஒருத்தன் பழைய கட்டிலையே போட்டான். போடப் போட முழுங்கிட்டு அப்பிடியே கெடக்கு. அப்பத்தான் சொர்ணக்கிளி ஒரு காரியம் செஞ்சா. ஒரு சட்டி மண்ண அள்ளி, தன் வண்டிக்கு எதிர்த்தாப்புல கெடக்க அசல் குழியில போட்டா. போட்ட நேரத்துக்கு எமிலி டீச்சரு வீட்டுக் குழியில ஒரு சட்டி மண்ணு உசந்துது. காசிப்பாண்டி குழியிலயும் ஒரு சட்டி. மெட்ராசு லிப்டுக்காரி போனு பண்ணிக் கேக்கா, “இங்க மண்ணு வந்துது, யாரு போட்டா?”ன்னு. ஊரே பாத்துது. சின்னப்புள்ளைக்குக் கூட வெளங்கிட்டு.

“ஜெராக்ஸுல எழுத்த அழிச்சா அசல்ல அழியுமா?” தெருவுல நின்னு கத்தினா சொர்ணக்கிளி. “அசல்ல போடுங்க! ஒரு லோடு சரளு! ஒரே ஒரு லோடு! உங்க எல்லாரு வாசலும் சரியாப் போயிரும்!”

அன்னைக்கு மத்தியானமே ஆபீசுல இருந்து ஆளு வந்தாவ. ஆகா, வந்துட்டாவன்னு அவ மனசு குளுந்துது. மம்பட்டியோட எறங்கினாவ, அவ போட்ட அந்த ஒரு சட்டி மண்ண அள்ளி வெளிய போட்டாவ. “இது நடப்பு வேலை. பொதுஜனம் மண்ணு போடப்பிடாது, போட்டா கேசு வரும்”னுட்டு, அள்ளின மண்ண அவ வண்டிச் சக்கரத்துக்கிட்டயே கொட்டிட்டுப் போனாவ. ஊரு முழுக்கக் குழி மறுபடியும் ஒரு சட்டி தாந்துது. அடுத்த சட்டி போட எவனும் வரல. கவர்மெண்டு குழிய நாம எப்பிடித் தொடுததுன்னு ஒரு மரியாதை. மனுசன் செத்தா வராத மரியாதை, குழிக்கு வந்துட்டு பாத்துக்கிடுங்க.

அந்த நேரம் பாத்து ஆடு வந்துது.

எந்த ஊரோ, யாரு ஆடோ. பேங்கு வாசல்ல பணம் எடுக்குத மிஷினுக்கு ஆளுவ வரிசையில நிக்க, நடுவுல ஒரு வெள்ளாடும் நிக்கி. வரிசை நகந்தா நகருது. முன்னால ஒருத்தன் நடுவுல புகுந்தான், ஆடு அவன ஒரு முட்டு முட்டி வெளிய தள்ளிட்டு மறுபடியும் ஒழுங்கா நிக்கி. அம்புட்டுதான். காசிப்பாண்டிக்கு யாரோ அனுப்பினாவ, சிரிச்சான், வாற ஆளுக்கெல்லாம் அனுப்பினான். விடிஞ்சி பாத்தா பாய்லர் முன்னால குழியக் காணோம். தரை தரையா இருக்கு. ஓரத்துல கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை.

“வே, குழி போயிட்டு வே! புழுக்கைதான் கெடக்கு, பெருக்கித் தள்ளிட்டேன்!”

அதுதான் மருந்துன்னு ஊரு புடிச்சிக்கிட்டு. புதுசு ஒண்ணு சிரிச்சா பழசு மறக்கும், மறந்தா குழி தானா மூடித் தூந்துரும். ஒரு லோடு சரளு அடிக்க மாட்டேன்னுட்டு, ஊரு முச்சூடும் ராவும் பகலும் ஆட்ட அனுப்பிச்சி. அப்பனுக்கு அனுப்பினான், அப்பன் திருப்பி இவனுக்கே அனுப்பினான். மறக்கதுக்கு இம்புட்டுப் பாடுபட்ட ஊர நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீய, வேர்க்க விறுவிறுக்க மறந்தாவ. நகராட்சியே ஆட்டோவுல மைக்கு கெட்டி அனுப்பிச்சி: “அன்பார்ந்த பொதுமக்களே! அனைவரும் ஆட்டினைப் பகிர்ந்து குழியினை மறந்து நகர வளர்ச்சிக்கு ஒத்துழைப்பு நல்குமாறு...”

காசிப்பாண்டி சொர்ணக்கிளிகிட்டயே வந்துட்டான். நல்ல மனசோடதான் வந்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

“மைனி, நீங்களும் ஒருக்கா பாருங்க. மனசு லேசாயிரும். எத்தன நாளைக்குத்தான் அதையே நெனச்சிட்டு இருப்பீய?”

வேண்டாங்கதுக்குள்ள போன மொகத்துக்கு நேரா நீட்டிட்டான். பாத்தா. ஆடு வரிசையில நின்னுது. நகந்துது. புகுந்தவன முட்டிச்சி. நெசமாவே சிரிப்பாத்தான் இருந்துது மக்கா, அதுல பொய் இல்ல. சொர்ணக்கிளி ஒதடு தானா விரிஞ்சிது, ராசமணி போனதுக்கு அப்புறம் மொதத் தடவையா வயித்துல இருந்து ஒரு சிரிப்பு பொங்கிட்டு. சிரிச்சிட்டா. சிரிச்சி முடிச்ச அந்த மூச்சுல, அவன் எந்தக் கால்ல செருப்பு இல்லாமக் கெடந்தான்னு அவளுக்கு ஞாபகம் வரல. வலதா, இடதா? மொகத்த நெனச்சிப் பாத்தா, நனஞ்ச துணிய வெயில்ல போட்ட மாதிரி அந்த மொகம் ஓரத்துல இருந்து காயுது.

பதறிட்டா. போனத் தட்டிவிட்ட வேகத்துல அது கரிக்குள்ள போயி விழுந்துது.

“யய்யோ மைனி, என் போனு!”

“போனுதானல? என் புருசன எடுக்கப் பாத்தியல பாவி!” இஸ்திரிப் பெட்டியக் கையில எடுத்துட்டா, காசிப்பாண்டி டீக்கடை தாண்டியும் ஓட்டத்த நிப்பாட்டல. அவ வண்டியில சாஞ்சி நின்னு, “இடது, இடது, இடது”ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. தெருவுல போனவன் அத வீடியோ எடுக்கலாமான்னு போனத் தூக்கினான். அவ பார்வையப் பாத்துட்டு எறக்கினான்.

ஒரு வாரம் கூட ஆவல, ஊருல குழி பூராத் தூந்துட்டு. தூந்த எடத்துலயெல்லாம் அந்தச் செருப்பு மட்டும் வெளிய கெடந்துது. குழி முழுங்கல, மண்ணு மூடல, வாசல் ஓரம் ஈரத்தோட ஒரு நீலச் செருப்பு. காலையில பொம்பளைங்க புழுக்கையோட சேத்து அதயும் தெருவுக்குப் பெருக்கித் தள்ளினாவ. துணி எடுக்கப் போன சொர்ணக்கிளி ஒவ்வொரு வாசலாப் பாத்துட்டே வாரா. இந்த வீட்டுல ஒண்ணு. அடுத்த வீட்டுல ஒண்ணு. சாக்கடை ஓரம் ஒண்ணு. நாயி ஒண்ணக் கவ்விட்டுப் போவுது. குனிஞ்சி எடுத்தா, இந்தத் தடவ கைக்கு வந்துது. ரப்பரு கனம், ஊக்கு சில்லுன்னு, குதிகால் தேஞ்ச பள்ளம் வரைக்கும் அவன் செருப்புதான்.

“எதுக்குட்டி குப்பைய அள்ளுத?”ன்னு கேட்டாவ.

“குப்பையா? நீங்கதானே பெருக்குதீய, நீங்க சொன்னாச் சரிதான்”னா. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. தேய்க்கத் துணி கெட்டுத வேட்டிய விரிச்சி அதுல அள்ளிப் போட்டுக்கிட்டே போனா.

குழி பூரா ஒழிஞ்சதுக்கு விழா எடுக்காம இருப்பாரா சேர்மன்? ‘குழியில்லா முள்ளிக்கரை’ன்னு பஸ் ஸ்டாண்டுல பந்தல். அசல் குழிய என்ன செஞ்சாவன்னா, அதுக்கு மேல மரப்பலகை போட்டு, பலகைக்கு மேல செவப்புக் கம்பளம் விரிச்சி, அதையே மேடைக்கு வாற வழியா ஆக்கிட்டாவ. விழாவுக்குச் சட்டை தேய்க்கச் சொல்லி சொர்ணக்கிளிகிட்டத்தான் குடுத்துவிட்டாவ. தேய்ச்சா. வாழ்க்கையில அப்பிடி ஒரு மடிப்பு எடுத்திருக்க மாட்டா. ஒரு சுருக்கம் கெடையாது, ஒரு கறை கெடையாது, பாத்தா கண்ணு கூசும்.

சாயந்தரம் ஊரே திரண்டு நின்னுது. நம்ம ஊரு மேடையில ஒரு வழக்கம் உண்டு, யாரு வேணாலும் மாலையோட வந்தா மறிக்க மாட்டாவ, மைக்குக்காரன் பேரு கூட கேக்க மாட்டான், ‘இப்போது மாலை அணிவிக்கப்படுகிறது’ம்பான். அது ஆளுக்கு மரியாதை இல்ல, மாலைக்கு மரியாதை. சொர்ணக்கிளி தேய்ச்ச வேட்டியில பொதிஞ்ச பெரிய பொதி ஒண்ண ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, கம்பளத்து மேல ஏறினா. அடியில பலகை ‘கிறீச்’சுன்னுது. அந்தச் சத்தம் அவளுக்கு மட்டுந்தான் கேட்டுது.

“இப்போது நம் சேர்மன் அவர்களுக்கு, அவர்களின் சலவைத் தொழிலாளி சகோதரி அன்பின் மிகுதியால்...”

தெய்வநாயகம் சிரிச்சிக்கிட்டே தலையக் குனிஞ்சாரு. என்ன ஏதுன்னு பாக்கல. எத்தன வருசப் பழக்கம், பொதியப் பாத்தாலே அவரு கழுத்து தானா மடங்கும். வேட்டி விலகிச்சி. சொர்ணக்கிளி மாலையத் தூக்கி, அந்தச் சுருக்கமில்லாத வெள்ளைச் சட்டைக்கு மேல போட்டா. இடது கால் செருப்பு, இடது கால் செருப்பு, இடது கால் செருப்பு, சணல் கயித்துல ஊக்கு ஊக்காக் கோத்து, முழங்கால் வரைக்கும் தொங்குது. எல்லாத்துலயும் சேறு சொட்டுது.

கூட்டம் ‘ஓ’ன்னுது. பந்தல் பூராக் கையி உசந்துது, கையிக்கு ஒரு போனு. டென்சிங்கு கேமராவோட மேடைக்கே பாஞ்சி வந்துட்டான்.

சொர்ணக்கிளி மைக்கப் புடுங்கினா.

“எடுங்க! நல்லா எடுங்க! ஏல டென்சிங்கு, கிட்ட வா, வெளிச்சம் இருக்கா? எடுத்து அனுப்புங்க, சிரிச்சி அனுப்புங்க. போனதடவ அனுப்பினதுக்கு வாசல்ல வந்துது. இந்தத் தடவ எங்க வந்து விழும்னு உங்க கழுத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டு அனுப்புங்க!”

எல்லாவனும் கழுத்தத் தொட்டான். முள்ளிக்கரையில எவனுக்கும் சந்தேகம் வரல, நடக்குமா நடக்காதான்னு வாதம் பண்ணல. ஒவ்வொரு போனா எறங்கிச்சி. டென்சிங்கு கேமராவுக்கு மூடியப் போட்டான், போட்டத எல்லாரும் நேருலயே பாத்தாவ. ஏன்னா அந்த நேரம் பாக்கதுக்கு அவனவன் மூஞ்சியில இருக்க கண்ணத் தவிர ஒண்ணும் இல்ல. இப்பத் தெரியுதா வீடியோ ஏன் இல்லன்னு?

சொர்ணக்கிளி சேர்மனப் பாக்கல, கூட்டத்தப் பாத்தா.

“என் புருசன் பேரு ராசமணி. வாழமண்டியில தாரு தூக்கினான். இந்தக் கம்பளத்துக்கு அடியிலதான் செத்தான். குடிச்சிட்டு விழல. வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தான். குழிய மூடுங்க.”

விக்கல் வரல. வரும் வரும்னு காத்திருந்தான் ஊருக்காரன், சிரிக்கதுக்கு வாய கூட ரெடி பண்ணி வச்சிருந்தான். வரவே இல்ல. தொறந்த வாய என்ன பண்ணன்னு தெரியாம நின்னாவ எல்லாரும். அவ மைக்க மேசையில வச்சிட்டு, வேட்டிய நாலா மடிச்சி இடுக்கிக்கிட்டு, எறங்கிப் போயிட்டா.

அதுக்கப்புறம் ஊரு திருந்திட்டுன்னு சொன்னா நான் நாறப்பய. ஆட்டுக்கு அடுத்து பூனை வந்துது, பூனைக்கு அடுத்து எவனோ மாப்பிள்ளை தும்மினது வந்துது, எல்லாம் வந்தது போலப் போச்சி. ஆனா ஒண்ணு, போனுல பாத்தத வெரலால தள்ளிரலாம், நேருல பாத்தது தள்ளத் தள்ள வந்து நிக்கி. விழாப் பலகைய எடுத்த அடுத்த வாரம் எமிலி டீச்சரு ஸ்கூட்டர நிப்பாட்டி, அக்கம்பக்கம் பாத்துட்டு, ஒரு சட்டி சரள அசல் குழியில போட்டுட்டு, “தேய்க்கத் துணி இருக்கு, வந்து எடுத்துக்கோ”ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாவ. டென்சிங்கு ஒரு சட்டி. காசிப்பாண்டி பயந்துக்கிட்டே ஒரு சட்டி, தூரத்துல இருந்தே வீசினான், பாதி வெளிய விழுந்துது. ஆபீசு ஆளு வந்து அள்ளினான். மறுபடியும் போட்டாவ. அள்ளுதான், போடுதாவ, அப்பிடித்தான் ஓடுது.

தெய்வநாயகத்துக்குத்தான் பாவம் விடிவே இல்ல. அவரும் அந்த விக்கலச் சிரிச்சி அனுப்பின ஆளுதான், ஆட்டப் பாத்துத் தூந்த போர்டிகோக் குழி விழா அன்னைக்கு ராத்திரியே திரும்ப வந்துட்டு. ஊருல எல்லாருக்கும் தூந்துட்டு, அவருக்குத் தூரல. எப்பிடித் தூரும்? மறந்தாத்தான தூரும்? ஆட்டப் பாக்காரு, பூனையப் பாக்காரு, கண்ண மூடினா கழுத்துல செருப்பு கனக்குது. அசல் குழியில ஒரு லோடு சரளு அடிச்சா முடிஞ்சிது சோலி. அடிக்காரா? அந்தப் பொம்பளைக்குத் தோத்ததா ஆயிருமாம். வீட்ட வித்துட்டு வேற தெருவுல புது வீடு கெட்டிப் பால் காச்சினாரு. பால் பொங்கின அன்னைக்கே வாசல்ல குழி. இப்ப மூணாவது வீட்டுக்கு எடம் பாக்காராம்.

கதை முடிஞ்சிது. என்ன, எந்திரிக்கீய? கூலி யாரு குடுப்பா? துட்டு வேண்டாம்வே, துட்ட நீரே வச்சிக்கிடும். வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன், ஆளுக்கு ஒரு சட்டி சரளு எடுத்துட்டு வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, புங்கமரத்துக்கு எதிர்த்தாப்புல. இன்னும் முழங்கால் அளவு பாக்கி கெடக்கு. சட்டி இல்லன்னா சொர்ணக்கிளியக்கா குடுப்பா, திருப்பிக் குடுத்துரணும், இல்லன்னா அவ வாயி தெரியும்லா. கூலி குடுக்காம, சும்மா கேட்டுச் சிரிச்சிட்டு இத நாலு பேருக்குத் தள்ளிவிடலாம்னு நெனைக்கவன் யாராவது இருந்தா, அவன் தாராளமாப் போலாம். காலையில வாசப்படி எறங்கும்போது மட்டும் கால மெதுவா வைக்கட்டும்.